கையில் வரைந்த வட்டம்

அந்தக் கடிதம் வந்த அன்று என் மகள் முதன்முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட என்னால் முடியவில்லை. கடிதம் நர்சிங் கவுன்சிலிலிருந்து வந்திருந்தது. டெஸ்ட் டோஸ் போடாமல் ஊசி போட்டு ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினேன் என்று என்மேல் புகார். விளக்கம் எழுத வேண்டும், சென்னைக்கு விசாரணைக்கு வர வேண்டும், தவறு உறுதியானால் என் பதிவு ரத்தாகலாம். பதிவு போனால் நான் நர்ஸ் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து வேறு எதுவாகவும் இருக்க நான் ஆசைப்பட்டதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்தில் அது நடந்தது. தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரிக்குப் புன்னைக்காயலிலிருந்து சவேரி அண்ணாச்சி என்ற மீனவரை அழைத்து வந்தார்கள். திருக்கை முள் குத்திக் கால் வீங்கியிருந்தது. டாக்டர் ஊசி எழுதினார். முதலில் முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்து ஏற்றி, அரை மணி நேரம் பொறுத்து, தடிப்பு இல்லையென்றால்தான் முழு ஊசி போட வேண்டும். அதுதான் டெஸ்ட் டோஸ். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதற்குள் பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. ஓடினேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு வந்து அண்ணாச்சிக்கு முழு ஊசி போட்டேன். ஐந்தே நிமிடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது.

டெஸ்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தாலும் அபூர்வமாக இப்படி ஆவதுண்டு. உடனே மாற்று மருந்து கொடுத்தோம். ஐ.சி.யூ.வில் நான்கு நாள் இருந்து பிழைத்தார்.

எல்லாம் அடங்கிய பிறகே டெஸ்ட் டோஸை எழுதினேன். முந்தின நேரத்தைப் போட்டுவிடு என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. எழுதிய நேரத்தையே போட்டு, தாமதமாக எழுதியது என்றும் குறித்தேன். அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சியின் மகன் புகார் கொடுத்தார். தகப்பனுக்கு மூச்சு முட்டிய பிறகு டெஸ்ட் எழுதப்பட்டிருக்கிறதே என்று. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இதைவிட மோசமான ஒன்று எனக்குள் நடந்தது. நாள் போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே டெஸ்ட் போட்டேனா? குழந்தை, வலிப்பு, ஓட்டம் எல்லாம் நினைவில் இருந்தது. அதற்கு முந்தினது இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர், நீ போடாமல் இருந்திருக்க மாட்டாய் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். வேதத்தைத் திறந்தால் எழுத்து மங்கியது. என் வேலையைக் காப்பாற்றும் என்று மட்டும் ஜெபித்தேன்.

அப்போதுதான் வக்கீல் பேச்சியம்மாளிடம் போனோம். டாக்டர்கள், நர்ஸ்கள் மேல் வரும் புகார்களை எடுத்து நடத்துகிறவர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காட்டுக் குடும்பம். நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தை வாசித்தார். கடைசியில், என்னால் உண்டான துன்பத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தேன். தாழ்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதியது. அந்த வரியை அடித்தார்.

“ஏளா, மன்னிப்பை உங்க ஆண்டவர்கிட்ட கேளு. கவுன்சிலுக்கு நடந்ததை மட்டும் எழுது. நினைவில்லாததை நினைவில்லைன்னு எழுது.”

பிறகு தன் கையை மேசைமேல் நீட்டி, எல்லாருக்கும் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னார். துடைப்பதுபோல் துடைத்தேன், குத்துவதுபோல் குத்தினேன். என் கை தானாக அவருடைய பேனாவை எடுத்து, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டது. எதற்கு வட்டம் என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்து இடம் தெரிய வேண்டும், எப்போதும் போடுவோம் என்றேன். அன்றைக்குப் போட்டாயா என்றார். தெரியவில்லை என்றேன். தன் கையிலிருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்று அவர் கூட யார் இருந்தது என்று கேட்டார்.

ஊசிக்கு முந்தின எதுவும் அண்ணாச்சிக்கு நினைவில் இல்லை. அன்று கூட இருந்தவர் அவர் மனைவி செல்வமணி அக்கா. விசாரணைக்கு மகனோடு அவரும் வந்திருந்தார். உள்ளே போகுமுன் வக்கீல் என்னைத் தனியாக அழைத்தார்.

“அந்தம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. இல்லன்னு சொல்லிட்டா நாம தோத்தோம். கேக்கட்டுமா?”

கண்ணை மூடினேன். அன்றுதான் என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, உண்மையைக் காட்டும், அது எனக்கு விரோதமாக இருந்தாலும் காட்டும் என்றேன். பிறகு, “கேளுங்கக்கா” என்றேன்.

விசாரணைக் குழுவிடம் அனுமதி வாங்கிக் கேட்டார். மடக்கிக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, அன்று அவர் கையில் ஏதாவது பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

“பேனாவால ஒரு வட்டம் போட்டுச்சு இந்தப் பிள்ளை. அரை மணி நேரம் அழிச்சிராதீங்கன்னுச்சு. இவரு சும்மா இருப்பாரா? அப்படியே ரெண்டு பக்கமும் வாரும் வரைஞ்சு விடு தாயி, வாட்ச் ஆயிரும்னாரு. அது சிரிச்சிச்சு.”

மகன் திரும்பிப் பார்த்து, இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்றார்.

“நீ எங்கிட்ட எப்பல கேட்ட? அதுதான் டெஸ்ட்டுன்னு எனக்கு என்ன தெரியும்?”

அந்த நிமிடம் எல்லாம் திரும்பி வந்தது. அண்ணாச்சியின் உப்பேறிய கை, நீல வட்டம், நான் சிரித்தது. டெஸ்ட் போட்டிருக்கிறேன். என் ஆண்டவர் எனக்குக் காட்டிவிட்டார். அதுவும் எனக்கு எதிராக வந்து உட்கார்ந்திருந்த வீட்டாரின் வாயிலிருந்தே.

சில வாரங்களில் புகார் முடிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. நேரத்தை மறைக்காமல் எழுதியதையும் குழு கவனித்திருந்தது. ஓடிப்போய் வக்கீல் அக்காவின் கையைப் பிடித்து, என் ஜெபத்துக்குப் பதிலே நீங்கள்தான் என்றேன்.

“நான் கேள்விதானளா கேட்டேன். பதில் சொன்னது அந்தம்மா” என்றார். அவர் எங்கள் சபை அல்ல. ஆனால் பதில் தெரியாத கேள்வியைத் துணிந்து கேட்கிற அந்த நேர்மையை நான் விசுவாசிகளிடமும் அதிகம் கண்டதில்லை. தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

இன்றும் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள்தான் நான். அந்தச் சுபாவம் போகவில்லை. ஆனால் பயம் போய்விட்டது. போன மாதம் சவேரி அண்ணாச்சி ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். பார்த்து முடித்ததும் கையை எடுக்காமல் நீட்டியபடியே இருந்தார். நான் பேனாவை எடுத்து வட்டம் போட்டு, வாரும் வரைந்து விட்டேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது குற்றம் சாட்டப்பட்டு நிற்கலாம். ஜெயிக்கப் பண்ணும் என்று கேட்பதற்கு முன், உண்மையைக் காட்டும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் கேளுங்கள். நீங்கள் மறந்துபோனதையும் ஆண்டவர் யாரோ ஒருவருடைய நினைவில் பத்திரமாக வைத்திருப்பார்.