உலக்கைப் பந்தயம்

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அக்காவுக்கு மாப்பிள்ளை தேடும் சிரமம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. இரண்டு பேர் இருந்ததுதான் சிரமம். ஒருவர் அம்மாவின் தம்பி, இன்னொருவர் அத்தையின் மகன். இருவருக்கும் உரிமை உண்டு. யாருக்குக் கொடுத்தாலும் அப்பாவுக்கு ஒரு பகை நிச்சயம். ஒன்று வீட்டுக்குள், மற்றொன்று அத்தை இருந்த பெருநகர் என்ற ஊரில். அதனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அந்த வருடம் பொங்கலுக்கு இருவரும் ஒன்றாக லீவில் வந்தார்கள். அத்தை மகன் பட்டாளம், மாமா ஏர்போர்ஸ். இருவருக்கும் அப்போதுதான் ட்ரெயினிங் முடிந்திருந்தது. காணும் பொங்கலன்று அத்தையும் வந்திருந்தார். எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும், யார் பட்ட பாடு பெரிய பாடு என்று ஆரம்பித்தார்கள்.

அத்தை மகன் சட்டையை மடித்து முழங்கையைக் காட்டினார். முள்கம்பிக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து தோல் கறுத்துக் காய்த்திருந்தது. “உங்குளுக்கு இன்னா, பெஞ்சுல குந்திக்கினு படிக்கறதுக்குப் பேரு ட்ரெயினிங்கா?” என்றார்.

“உங்குளுக்கு ஒடம்பு மட்டுந்தான் நோவும். எங்குளுக்குக் காலைல பரேடு, அப்பறம் பரீட்சை. பெயிலானா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்,” என்றார் மாமா. பரீட்சையை முழங்கை மாதிரி மடித்துக் காட்ட முடியாததால் யாரும் அவர் பக்கம் சாயவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். தப்பு செய்தால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டுமாம்.

“அதையே செஞ்சி காட்டுங்கடா. கடேசி வரிக்கும் நிக்கறவனுக்குப் பொண்ணு,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல், துப்பாக்கிக்குப் பதிலாக எங்கள் வீட்டு உலக்கையை எடுத்து வைத்து, பக்கத்து வீட்டில் இன்னொரு உலக்கை வாங்கிவரச் சொன்னார்.

வாசலில் இருவரும் உலக்கையைத் தூக்கி நின்றார்கள். எண்ணுவது என் வேலை. எனக்கு நூறு வரைதான் தெரியும் என்பதால் ஒவ்வொரு நூறுக்கும் தரையில் ஒரு கோடு கிழித்தேன். மாமா எனக்கு பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் ஜெயிக்க வேண்டும். மூன்றாவது கோட்டில் அத்தை மகனின் கைகள் உதற ஆரம்பித்தன. மாமாவின் உலக்கை அசையவே இல்லை.

அப்போது அக்கா உள்ளிருந்து வந்து, நேராக மாமாவின் எதிரே நின்றாள். “கீழ வச்சுடு மாமா,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. அத்தை மகனிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கு மாமா மேல்தான் எவ்வளவு பாசம் என்று பெருமையாக இருந்தது.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு உலக்கையை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, “பட்டாளத்து ட்ரெயினிங்தாம்பா கஷ்டம்,” என்றார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் மாமாவோடு பேசவில்லை. பிஸ்கட்டை மட்டும் தின்றேன்.

வைகாசியில் அத்தை மகனோடு அக்காவுக்குக் கல்யாணம். மாமா லீவு கேட்டு வந்திருந்தார். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன் அல்லவா. நூல் கோத்த மெல்லிய தகடு அது, ஒரு விரலால் தூக்கிவிடலாம். அதைப் பிடித்திருந்த மாமாவின் கை உதறியது. முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

தாம்பாளத்தோடு பக்கத்தில் நின்ற நான், “இன்னா மாமா, கை இப்புடி ஒதறுது?” என்று கேட்டேன்.

“இதுக்கு எங்க ட்ரெயினிங்ல சொல்லிக் குடுக்கலடி,” என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.