இடிக்குப் பிடுங்கிய பிளக்

பேய், ஆவி, செய்வினை எதையும் நான் நம்பியவன் இல்லை. இப்போதும் யாராவது கடைக்கு வந்து லேப்டாப்பில் என்னமோ புகுந்துவிட்டது என்றால், வைரஸ்தான் புகுந்திருக்கும், வைத்துவிட்டுப் போங்கள் என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். கரண்ட் வந்தால் வேலை செய்யும், வராவிட்டால் செய்யாது, எனக்கு உலகம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வருஷம் வளர்மதி என்று ஒரு பிள்ளை, தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தது. அவளுடைய அண்ணன் செல்லத்துரை துபாயில் ஏ.சி. மெக்கானிக். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, மாரடைப்பு. கூட இருந்தவர்கள் அவருடைய சாமான் பெட்டியோடு அனுப்பிவைத்த லேப்டாப் அது. வளர்மதியின் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே நம் பக்கம் குத்துவோம்? இவருக்கு லீவு கிடைக்காது என்று முன்பே தெரிந்திருக்கிறது. அதனால் அன்றைக்குப் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு வீடியோ எடுத்து வைத்திருப்பதாகவும், நெட் நன்றாக இருக்கிற அன்று அனுப்புவதாகவும் போனில் சொல்லியிருக்கிறார். அனுப்புவதற்குள் போய்விட்டார். இருந்தது ஒரே அண்ணன். அந்த வீடியோ இல்லையென்றால் காதே குத்த மாட்டேன் என்று வளர்மதி ஒற்றைக்காலில் நின்றது.

லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. டிரைவ் சாகக் கிடக்கிறது. கரண்ட் கொடுத்தால் கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் காணாமல் போய்விடும், தொட்டால் கை சுடும். ஒவ்வொரு தடவை அணைந்து எரியும்போதும் இதுதான் கடைசியோ என்று இருக்கும். ஆனால் தெரிந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த மனுஷனுடைய ஃபோல்டர் பெயர்களைப் பார்த்தேன் பாருங்கள், அசந்து போனேன். 'வளரு கல்யாணம்', 'பாப்பா மொதச் சிரிப்பு', 'வீடு பூச்சு வேலை', தங்கச்சி வைத்த மீன் குழம்பை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள் போல, அதற்குக்கூட ஒரு ஃபோல்டர். எத்தனையோ படித்தவர்கள் லேப்டாப் என் கைக்கு வருகிறது, எல்லாம் குப்பைத்தொட்டி. நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரிலிருந்து வந்த ஒன்றைக்கூட விடாமல் பெயர் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். பார்க்காத ஆள் மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்தப் பிள்ளையும் லேசுப்பட்டது இல்லை. தினமும் பஸ் ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடும். ஆச்சா, ஆச்சா என்று ஒரு தடவை கேட்டதில்லை. கடைசியில் டேபிள் ஃபேனை நேராக வைத்து, டிரைவைத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற டாக் பெட்டியில் மாட்டி, கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டி மொத்தமாகக் காப்பி எடுக்கிற மாதிரி செய்தேன். ஒரு மத்தியானம் காப்பி பிடித்துக்கொண்டு பாதி வரைக்கும் ஓடியது. காலையிலிருந்து பட்டினி, மெஸ் மூடுவதற்குள் சாப்பிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். எதையும் தொடாதம்மா, இது நின்றால் இனி எழாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சோற்றில் கை வைக்கும்போது இடி இடிக்கிறது. இலையை மூடிவிட்டு ஓடி வருகிறேன், கடையில் வளர்மதி வெளிறிப்போய் நிற்கிறது, சுவரில் ஒரு பிளக்கூட இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கி மேஜை மேல் வைத்திருக்கிறது. நம் வீடுகளில் இடி இடித்தால் கை தானாகச் செய்கிற வேலைதானே அது, கடை டிவி பிளக்கைப் பிடுங்கிய கையோடு டாக் பிளக்கையும் பிடுங்கியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்திவிட்டேன். "தெரியாமப் புடுங்கிட்டேண்ணே, இடி இடிச்சுச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது.

திரும்பி மானிட்டரைப் பார்த்தால் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. யு.பி.எஸ். இருந்திருக்கும் என்பீர்கள், இருந்தது, அது கம்ப்யூட்டருக்கு மட்டும். டாக்குக்குக் கரண்ட் சுவரிலிருந்து, அந்த பிளக் என் கண் முன்னால் மேஜையில் கிடக்கிறது, டாக்கில் விளக்கு எரியவில்லை. டிரைவைத் தொட்டேன். கை சுடுகிற சாமான், பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. காப்பி முடிவு வரைக்கும் ஓடித்தான் நின்றது. பிறகு எத்தனை தடவை கரண்ட் கொடுத்தும் அந்த டிரைவ் தெரியவே இல்லை. வேறு டிரைவை அதே டாக்கில் மாட்டி பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், அடுத்த நொடி காப்பி நின்றுவிட்டது.

வீடியோ திறக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். முகம் தெரிந்ததும் அந்தப் பிள்ளை தடுத்துவிட்டது. "இப்ப வேணாண்ணே, பாப்பாதான் மொதல்ல பாக்கணும்." எத்தனை நாள் காத்திருந்து, அழுது, கைக்கு வந்த பிறகும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போக எவ்வளவு மனசு வேண்டும், சொல்லுங்கள். அந்தக் கடையில் நடந்ததை நாங்கள் இரண்டு பேரும் வெளியே மூச்சு விடவில்லை.

காது குத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் குலசாமி கோயில், பட்டப்பகல், கூட்டம். பாப்பாவை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டார், எதிரே ஸ்டூலில் என் லேப்டாப்பை வைத்து நான்தான் போட்டேன். செல்லத்துரை பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறார். தங்கம், மாமாவை மட்டும் பாரு, லேசாத்தான் வலிக்கும் என்று என்னென்னமோ சொல்லிச் சிரிக்க வைக்கிறார், பாப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசாரி இரண்டு காதிலும் குத்தி முடித்துவிட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது, அப்படி ஒரு பேச்சு.

நிறுத்தலாம் என்று நான் கையைக் கொண்டுபோகும்போது அவர் பேச்சை விட்டுவிட்டு இடப்பக்கமாகத் திரும்பினார்.

"வளரு, இடி இடிச்சோன்ன பிளக்கப் புடுங்கிட்டியாக்கும்? அழுவாத. நான் புடிச்சுக்கிட்டேன்ல."

கூட்டம் சிரித்தது. சின்ன வயதில் அவர் டிவி பார்க்கும்போது இவள் பிடுங்கிவிடுவாளாம், அந்தக் கேலி என்று நினைத்துக்கொண்டார்கள். சரி, அப்படியே இருக்கட்டும், நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வெயில் தாங்காமல் வளர்மதி அப்போதுதான் அவர் திரும்பிய அந்த இடப்பக்கம் வந்து நின்றிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ நேரில் பேசுகிற மாதிரி மெதுவாக, "சரிண்ணே" என்றது. அது சொல்லி முடிக்கும் வரை அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார், அதற்குப் பிறகுதான் கையை நீட்டி கேமராவை அணைத்தார்.