எஞ்சினை நிறுத்தாமல் கவுஞ்சி வரை

இந்த ஆவணியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தங்கை பாண்டியம்மாளைக் கட்டிக்கொடுத்தது கவுஞ்சியில், கொடைக்கானலையும் தாண்டி மேலே. அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. அதற்குள் நான் போகாவிட்டால் வேறு யாராவது மடி கொடுத்துவிடுவார்கள். அந்தப் பேச்சைத் தங்கை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை வேனில் வைத்துக்கொண்டு மலையேற நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். வேன் பழசு, ஏழு பேர் உட்காரலாம். முன்பு வைத்திருந்தவர் அதில் நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகைப்பூ ஏற்றியவர். எத்தனை தடவை கழுவியும் வாசம் போகவில்லை. மழைநாளில் கதவைத் திறந்தால் கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். எதற்குச் சொல்கிறேன் என்றால், எட்டு மாதக்காரன் எங்கள் கவின் அந்த வாசத்திலும் எஞ்சின் சத்தத்திலும்தான் அசந்து தூங்குவான். எஞ்சின் நின்றால் கண்ணைத் திறந்துவிடுவான். பல் முளைக்கிற நேரம் வேறு. மூன்று ராத்திரியாக அவனும் தூங்கவில்லை, என் மனைவி செல்வியும் தூங்கவில்லை. மூத்தவள் மித்ராவுக்கு நாலு வயது. முழித்திருந்தால் வளைவுக்கு வளைவு வாந்திதான்.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். கொடைக்கானலுக்குள் வண்டி போக வேண்டிய இ-பாஸைப் பக்கத்து வீட்டுப் பெண் முந்தின நாளே போனில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதற்குக் காசு இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். மலை ஏறத் தொடங்கியதுமே பிள்ளைகள் இரண்டும் தூங்கிவிட்டன.

“ஏங்க, ஹாரன் அடிச்சிராதீங்க. இப்பத்தான் கண்ணு சொருகியிருக்கு” என்றாள் செல்வி.

“வளைவுல அடிக்காம எப்படி புள்ள?”

“லைட்டப் போட்டுக்கிட்டு மெதுவாப் போங்க.”

மூன்று ராத்திரி தூங்காதவள் சொல்கிறாள், நானும் கேட்டுவிட்டேன். பெருமாள்மலைக்குச் சற்று முன்னால் மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கியிருந்த ஒரு வளைவில், எதிரே கேரட் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று மூக்குக்கு மூக்கு வந்து நின்றது. அந்த டிரைவர் அடித்த ஹாரன் மலைக்கே கேட்டிருக்கும்.

“ஏண்ணே, ஒங்க வண்டி என்ன ஊமையா?”

“பிள்ளைக தூங்குதுக தம்பி.”

“நல்லா தூங்க வப்பீங்கண்ணே, மொத்தக் குடும்பத்தையும்!”

அவர் சொன்னது நியாயம்தான். அதற்குள் கவின் அலறினான். மித்ரா சீட்டிலும் என் முதுகிலும் வாந்தி எடுத்தாள். பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கழுவி, துணி மாற்றிக் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. டீக்கடைக்கார அம்மா வெந்நீருக்குக் காசு வாங்கவில்லை. “வண்டிக்குள்ள என்ன தம்பி மல்லியப்பூ வாசம்? கோயிலுக்கா?” என்று கேட்டார். நான் பூக்கதையை ஆரம்பித்தேன். செல்வி ஒரு பார்வை பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

கொடைக்கானல் டவுனுக்கு வரும்போது எட்டேகால் மணி. ஏரியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் பூம்பாறை ரோட்டைப் பிடித்தேன். அங்கிருந்து கவுஞ்சிக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இப்போது வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன். ஆனாலும் பூம்பாறைக்கு முன்னாலேயே மித்ரா தூங்கினாள், பிறகு கவின், கடைசியில் செல்வி. அவனை நெஞ்சில் போட்டபடி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

மஞ்சு அடர்ந்திருந்தது. கொஞ்ச தூரத்துக்கு வண்டி நிற்பது போலவும், மரங்கள்தான் ஒவ்வொன்றாக வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவது போலவும் இருந்தது. ரோட்டுக்குக் கீழே எங்கோ சேவல் கூவியது. வீடு தெரியவில்லை. ஒரு வளைவில் மஞ்சு விலகி, படிப்படியாகப் பூண்டு வயல் தெரிந்து, உடனே மூடிக்கொண்டது. எனக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கால் வரவில்லை. மிதிக்காவிட்டால் தங்கை முகத்தில் முழிக்க முடியாது.

கவுஞ்சியில் தங்கை வீட்டு வாசலுக்குப் போனபோது பத்தேகால் ஆகிவிட்டது. வாசலே ஒரு சரிவு. அந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது. எஞ்சினை நிறுத்தினால் பிள்ளை எழுந்துவிடுவான், செல்வியும் எழுந்துவிடுவாள். ஓடுகிற வண்டியில் அவர்களை விட்டு இறங்க மனசும் வரவில்லை. பிரேக்கை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாண்டியம்மாள் ஓடி வந்தாள். திட்டத்தான் வந்திருப்பாள். ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தவள், குரலைத் தாழ்த்திவிட்டாள்.

“எறங்காதண்ணே. அண்ணி தூங்கட்டும்.”

அவள் மாமியார் விடவில்லை. “வாசல்ல மணை போட்டுக் கெடக்கு. வண்டிக்குள்ளயாடி காது குத்துவாக?”

“மாமன் மடிதான அத்தே வேணும்? மடி இங்கன இருக்கு.”

தங்கை மாப்பிள்ளை நான்கு டயருக்கும் கல் போட்டார். டிரைவர் கதவைத் திறந்து மருமகனை என் மடியில் உட்கார வைத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனம். தாம்பூலத் தட்டு டேஷ்போர்டில் ஏறியது. வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி ரோட்டில் நின்றபடியே இரண்டு காதையும் குத்திவிட்டார். அவன் போட்ட கத்தலுக்கு ஊரே வந்துவிட்டது. பின்னால் ஒருத்தரும் அசையவில்லை.

அழுது விம்மிக்கொண்டிருந்தவன், அந்த எஞ்சின் நடுக்கத்திலேயே என் கைக்குள் தூங்கிப்போனான். பாண்டியம்மாள் அவனை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். விருந்து வேலை, பந்தி, சொந்தக்காரர்கள் என்று அவளும் இரண்டு நாளாகப் படுக்கவில்லை. “செத்த நேரம்ணே” என்றாள். தலை சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கல்லை எடுத்துவிட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால் டீசலைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி இரண்டு செட், பழைய துண்டு நாலு வேண்டும். வளைவில் ஹாரன் அடியுங்கள், பிள்ளை அழுதால் அழட்டும். மலைக்குப் போகுமுன் ஹேண்ட்பிரேக்கைச் சரிபார்த்துவிடுங்கள், நான் விட்ட மாதிரி விட்டுவிடாதீர்கள். நேரம் குறித்த விசேஷம் என்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது.

கவுஞ்சியிலிருந்து பக்கத்து ஊர் மன்னவனூருக்குப் போய்வர அரை மணி நேரம் போதும். அன்றைக்கு ஐந்து பேரையும் தூங்கவிட்டு நான் இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.