சிஸ்டரம்மா ரயிலை நிறுத்தவில்லை

தெருவே அவளை சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் பூனை மாதிரி நடந்து, நோயாளிகளின் தூக்கம் கலையக் கூடாதென்று குரலைத் தாழ்த்தியே பேசியவள். ஓய்வு பெற்றதும் மாடி வீட்டின் முன்னறையில் பெரிய பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் பொம்மை ரயில் ஓட்ட ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம், இனிமேல் கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் வாழப்போவதாகச் சொன்னாள்.

கீழே குடியிருந்த வீட்டு ஓனருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ரயில் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே காலி செய்ய வேண்டும் என்று சிஸ்டரம்மாவின் மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மகன் அம்மாவிடம் கெஞ்சினான், பிறகு எரிந்து விழுந்தான். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற கார்க் ஷீட் ஒரு சுருள் வாங்கி வந்தாள். பிளேடால் பட்டை பட்டையாக நறுக்கினாள். வளைவுகளுக்கு மட்டும் பட்டையை நடுவே நீளவாக்கில் கீறி இரண்டாக்கினாள். அப்போதுதான் அது மடங்காமல் வளையும். தண்டவாளத்துக்கு அடியில் அதை மெத்தையாக விரித்தாயிற்று. ஓட்டிப் பார்த்தாள். அதே கடகட. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது முடித்து, பழைய ஸ்டெதஸ்கோப்பைத் தேடி எடுத்துப் பலகையில் வைத்துக் கேட்டாள். தண்டவாளத்தில் ஆணி அடித்த இடங்களில்தான் இரைச்சல் அதிகம். கார்க்கைத் துளைத்துப் பலகைவரை இறங்கிய ஆணிகளே சத்தத்தைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தன. மெத்தையைப் போட்டு அதன்மேலேயே ஆணியும் அடித்த தன் மூளையை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அத்தனையையும் பிடுங்கினாள். காய்ந்தாலும் இறுகிப்போகாத ரப்பர் பசையால் தண்டவாளத்தைக் கார்க்கின் மேல் ஒட்டினாள்.

ஞாயிறன்று ரயிலைக் கட்டி எடுத்துப்போக மகன் அட்டைப்பெட்டியோடு வந்தான். ஓனர் அவனைக் கீழேயே நிறுத்தி, அம்மா ஒருவழியாக அடங்கிவிட்டார், காலையிலிருந்து சத்தமே இல்லை என்று மெச்சினார். மகன் நிம்மதியாகப் படியேறிக் கதவைத் திறந்தால், ரயில் அசராமல் வளைவில் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நீ நிறுத்திட்டன்னுதான் அவர் நினைக்கிறாரு. அப்படியே இருக்கட்டும், நீ எதுவும் சொல்லாத" என்றான்.

சிஸ்டரம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ரயிலை நிறுத்தாமலே அவன் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள்.

"கீழ போய்ச் சொல்லு, காலையிலேருந்து ஓடிக்கிட்டுதான் இருக்குன்னு. நம்பலன்னா மேல வந்து பாக்கச் சொல்லு."