பாட்டிலில் கட்டிய கறுப்பு நூல்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி கோமதி சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

இது அவள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் கதை; மறுநாள் இலஞ்சியில் விசேஷம். நானும் வீட்டுக்காரரும்தான் தட்டு மாற்ற வேண்டும். அன்று காலை உறவுப் பெண்களோடு குற்றாலத்துக்குக் கிளம்பினேன். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நின்றால் எனக்குக் குளித்த மாதிரியே இருக்காது. வீட்டிலோ எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. கோமதியின் மேசையில் ஒரு குட்டிப் பாட்டில், மஞ்சளாக, வழவழவென்று. எண்ணெய்தான் என்று கையில் கவிழ்த்து முகமெல்லாம் அழுத்தித் தேய்த்தேன்.

வெயிலில் வரிசையில் நிற்கும்போதே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. அருவியில் நின்றும் அடங்கவில்லை. இந்த மூஞ்சியோடு சம்பந்தி வீட்டார் முன் எப்படி நிற்பது? இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"ஏ ஆச்சி, அது விட்டமின் ஏ சீரம்! ராத்திரி ஒரு சொட்டுதான் வைக்கணும், வெயிலே ஆகாது!" என்று பதறினாள் கோமதி.

"எண்ணெய்னுல்லா நெனச்சேன், ஏட்டி!"

"அதுக்காக அரைப் பாட்டிலையுமா? நாளைக்கு யாரு பொண்ணுன்னு மாப்ள குழம்பிரப் போறாரு!"

தென்காசி தோல் டாக்டர் களிம்பு கொடுத்து, வெயிலில் போகக் கூடாது என்றார். மறுநாள் சிவந்த முகத்தோடே தட்டு மாற்றினேன். "ஆச்சி மொகத்துல என்ன ஒரு களை!" என்றார் சம்பந்தியம்மா. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது கோமதி, எனக்கு அடையாளம் தெரியட்டும் என்று, ராத்திரி பாட்டிலுக்குக் கறுப்பு நூலும், காலை க்ரீமுக்கு மஞ்சள் நூலும் கட்டியிருக்கிறாள். புதிதாக எது வந்தாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கிறேன். அருவிக்குப் போகும்போது மட்டும், எண்ணெயை மோந்து பார்த்துத்தான் தலையிலே வைக்கிறேன்.