ஏரிக்கரையில் தமுக்கு அடித்த அன்று

அறுபதுகளில், செஞ்சிக் கோட்டையை ஒட்டிய ஒரு சின்னப் பஞ்சாயத்து ஆபீசில் நான் கிளார்க். வெள்ளம் வந்தால் சமாளிக்க எங்களிடம் இருந்தவை: இருபது சாக்கு, ஒரு சைக்கிள், ஒரு தமுக்கு, அப்புறம் நான். சாக்கில் பாதியை எலி கடித்திருந்தது. என்னை எலிகூடச் சீண்டியதில்லை.

அந்தத் தமுக்கைப் பெரும்பாலும் அம்மை ஊசி போடுகிறவர்கள் வரும்போதுதான் அடிப்போம். சத்தம் கேட்டதும் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த குடிசைகளில் கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். ஊசி போட்டால்தான் அம்மை வரும் என்று பயம். பிள்ளைகளைக் காலி நெல் குதிருக்குள் இறக்கி, மேலே முறத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். அங்கே கூலி வேலைக்குப் போகிற ஒருத்தி இருந்தாள். நாலு வயதில் ஒரே பெண். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "குதிர்ல நெல்லு இருக்குதா, பொண்ணு இருக்குதா?" என்று கேட்பேன். அவளும் சிரிப்பாள். அப்படி, எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அதைச் செய்தேன்.

ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மலைத்தண்ணீர் முழுக்க ஏரியில் இறங்கி, மத்தியானம் கரையில் ஓரிடத்தில் கசிய ஆரம்பித்தது. அடைக்கச் சாக்கு போதாது. ஜனங்களையாவது மேட்டு ஸ்கூலுக்குக் கிளப்பச் சொன்னார் ஆபீசர். நான் அறிவிப்பு எழுதினேன். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று தொடங்கி முக்கால் பக்கம். ஏரி என்ற வார்த்தையே பாதிக்கு மேல்தான் வந்தது. தமுக்கு அடிக்கிறவரைச் சேற்றில் இறக்கிவிட்டு, வேட்டி நனையாமல் கரைமேல் குடை பிடித்து நின்றேன். மழையில் அவர் குரல் எனக்கே கேட்கவில்லை. தமுக்கு மட்டும் கேட்டது. கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்வது தெரிந்தது. சாரலுக்குச் சாத்துகிறார்கள், மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் கரை உடைந்தது.

மற்றவர்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு தப்பினார்கள். அவள் வீட்டு மண்சுவர் குதிர்மேல் சாய்ந்தது.

மறுநாள் ஸ்கூல் வராந்தாவில் கஞ்சி ஊற்றினோம். அவள் தட்டை நீட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"ஊசிக்காரங்கன்னு நெனச்சிக்கினேன் கிளார்க்கய்யா. உள்ள எறக்கி வெச்சதே நான்தான். எந்நேரமும் நம்ம வீட்டாண்ட நின்னு பேசுவீங்களே. அன்னிக்கி ஒரு வாட்டி வந்து கதவ தட்டியிருந்தா, உங்க கொரலுக்குத் தொறந்திருப்பனே."

எழுந்து போய் அடுத்த தட்டுக்குக் கஞ்சி ஊற்றினேன்.

சாயந்திரம் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதினேன். 'பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.' ஆபீசர் படித்துப் பார்த்து, ஒரு தப்புகூட இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷ மழைக்கு, யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு வீடாகப் போய்த் தட்டினேன். அவள் அனந்தபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் தட்டுவதற்குக் கதவு இல்லை. அங்கேயும் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றேன்.