சூடானால் இறங்கும் முள்

கிரகரி தைப்பிங்கில் பிறந்தவர். அங்கே ரயில் பட்டறையில் பத்து வருஷம் கை கறுக்க வேலை பார்த்துவிட்டு, ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு பிட்டராக வந்து சேர்ந்தார். தொழிற்சாலையின் பெரிய எஞ்சினும் தோட்டத்து லோரியும் அவர் பொறுப்பு. மனைவி பார்பரா இலை தரம் பிரிக்கப் போவாள். பிள்ளைகள் இல்லை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். எஞ்சின் சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டால் மட்டும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்.

ஜப்பான்காரன் ஈப்போவை நெருங்கிவிட்டான் என்று செய்தி வந்த காலை, வெள்ளைக்காரத் துரை காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே அவரைக் கூப்பிட்டார். லோரி எதிரி கைக்கு உதவாமல் போக வேண்டும் என்றார். பக்கத்தில் நின்றது ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியம் மட்டும்.

கார் வளைவில் மறைந்ததும் கிரகரி லோரிக்கு அடியில் படுத்து எண்ணெய் முழுவதையும் தகரத்தில் வடித்தார். பிறகு எஞ்சினைக் கிளப்பி, முழு வேகத்தில் ஓடும்படி கம்பியால் கட்டிவிட்டுத் தள்ளி நின்றார். எண்ணெய் இல்லாத எஞ்சின் கால்மணி நேரம் அலறியது. அப்புறம் ஒரு உறுமல், கருகல் வாடை, அமைதி. பார்பரா கேட்டதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் லோரி கொட்டகையில் கிடந்தது. தோட்டம் இப்போது ஒகுடா என்ற ஜப்பானிய அதிகாரியின் கையில். பாதி மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். அரிசி மலையடிவாரத்துத் தாப்பாவில் இறங்கும். அங்கிருந்து மேலே கொண்டுவர வண்டி கிடையாது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகளுக்குக் கிழங்கு தின்று வயிறு ஊதிப்போயிருந்தது.

ஒகுடா லோரியைப் பார்த்தான். பத்து நாளில் ஓட வேண்டும் என்றான். கிராணி சுப்பிரமணியம் மூன்று மாதம் ஜப்பானிய வகுப்புக்குப் போய்வந்தவர். அவர்தான் பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனவர். லோரி வெகுநாளாகப் பழுதாகிக் கிடப்பது என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்.

எஞ்சினைப் பிரித்ததுமே கிரகரிக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டு நீலம்பாரித்து, உழுத வயல்போல வரிவரியாகக் கீறிக் கிடந்தது. அதைக் கடைந்து சீராக்கும் மிசின் ஈப்போவில் இருந்தது. அதையும் பட்டாளம் கழற்றிக்கொண்டு போயிருந்தது. நாலு நாள் உப்புத்தாளைச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே தேய்த்தார். கீறல் குறைந்தது, ஆனால் தண்டு இளைத்து முட்டை வடிவமானது. தண்டைத் தாங்கும் பழைய பேரிங்குகளை உருக்கிப் புதிதாக வார்த்துப் பொருத்தினார்.

ஒன்பதாம் நாள் எஞ்சின் கிளம்பியது. லயத்து ஜனங்கள் ஓடிவந்து பார்த்தார்கள். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் நாற்பதில் நின்றது. அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் முப்பது, இருபது என்று இறங்கி ஐந்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குமேல் ஓடினால் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. இரும்பை இரும்பு தின்னும்.

எண்ணெய்ப் பம்பைக் கழற்றி அதன் மூடியைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்து இடைவெளியைக் குறைத்தார். முள் எட்டுக்கு வந்தது. சல்லடையைக் கழுவினார். அழுத்தம் அடக்கும் ஸ்பிரிங்குக்கு அடியில் வட்டத் தகடு வைத்தார். சூடு இல்லாதபோது ஐம்பது. சூடானால் அதே எட்டு. பட்டாளம் கொடுத்த எண்ணெயில் பாதி செம்பனை எண்ணெய். அதுவும் சூட்டில் தண்ணீராக இளகியது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எல்லாம் வழிந்தோடியது. செய்ய இனி ஒன்றும் இல்லை. கிராணியைத் தேடி ஆபீசுக்குப் போனார்.

"ஐயா, கிராங்க் போயிருச்சு. வேற போட்டாத்தான் நிக்கும். ஒகுடாகிட்ட சொல்லுங்க."

சுப்பிரமணியம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எப்படிப் போச்சுன்னு கேப்பான். துரைதான்னு சொன்னா, துரைக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா, எவன் கை வச்சதுன்னு கேப்பான். உன் தலை மட்டுமா போகும்? எனக்கும் தெரியும்ல, என் தலையும் போகும்."

"அப்ப நசுருதீன் பாய்க்கு மட்டுமாவது சொல்லிடறேன்."

"ஒருத்தனுக்கும் வேணாம். எண்ணெய் சரியில்லன்னு சொல்லு, போதும்லா."

நசுருதீன் லோரி ஓட்டுநர். ரிங்லெட்டில் அவர் மனைவி சஃபியா ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். கிரகரி மனம்விட்டுச் சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரிடமே கிரகரி எண்ணெய் சரியில்லை என்றார்.

"முள்ளு பத்துக்குக் கீழ போச்சுன்னா நிறுத்திடுங்க பாய். ஆறினப்புறம் எடுங்க."

"நிறுத்தி நிறுத்திப் போலாம்ணே. நமக்கென்ன அவசரம்?"

அப்படியே இரண்டு தடவை கீழே காய்கறி போய், மேலே அரிசி வந்தது. லயத்தில் சோறு வெந்தது. கிரகரி வீட்டு வாசலில் யாரோ ஒரு கிண்ணம் கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை அவரால் குடிக்க முடியவில்லை.

மூன்றாம் தடவை ஒகுடாவும் வந்தான். தாப்பாவிலிருந்து திரும்பும்போது முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் அவன். பின்னால் மூட்டைகளின்மேல் நாலு சிப்பாய்களோடு கிரகரி. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலை ஏறத் தொடங்கி ஆறேழு மைலில் லோரி ஓரமாக ஒதுங்கியது. உடனே உள்ளிருந்து ஒகுடா கத்துவது கேட்டது. லோரி மறுபடி கிளம்பியது. இன்னும் இரண்டு மைலில் மறுபடி ஒதுங்கப் பார்த்தது. இந்தத் தடவை அறை விழுந்த சத்தம்.

அதற்குப் பிறகு நசுருதீன் நிறுத்தவில்லை.

முதலில் லேசாக, கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் தட்டல் பலத்தது. எந்த பேரிங் போகிறது என்றுகூட கிரகரிக்குத் தெரிந்தது: பின்னாலிருந்து இரண்டாவது. முன்பக்கத் தகரக் கூரையை இரண்டு கையாலும் அடித்து, "நிறுத்துங்க பாய், நிறுத்துங்க!" என்று கத்தினார். ஒரு சிப்பாய் அவரைக் காலரைப் பிடித்து மூட்டைமேல் உட்காரவைத்தான். உட்கார்ந்தார். காதைப் பொத்திக்கொள்ளவும் தோன்றாமல் கேட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டாம் மைலில் ஏதோ வெடித்தது. உடைந்த இரும்புத்தடி எஞ்சினின் விலாவைக் கிழித்து வெளியே வந்தது. கறுப்பு எண்ணெய் மழைத்தண்ணீரோடு ரோட்டில் ஓடியது.

மறுநாள் காலை ஆபீஸ் முன்னால் எல்லாரையும் நிறுத்தினார்கள். லோரியைக் கெடுத்தவன் ஓட்டுநர் என்று ஒகுடா முடிவுகட்டியிருந்தான். ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டுபோகும் கூட்டத்தோடு நசுருதீனை அனுப்பச் சொன்னான். பாயின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

கிரகரி வரிசையைவிட்டு முன்னால் வந்தார்.

"பாய் மேல தப்பு இல்ல. அந்த எஞ்சினைக் கெடுத்தது நான். எண்ணெய வடிச்சுட்டு ஓடவிட்டது நான்தான். சொல்லுங்க ஐயா அவன்கிட்ட."

சுப்பிரமணியம் ஒகுடாவைப் பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். ஒகுடாவின் முகம் இளகியது. தலையை ஆட்டினான்.

"நான் சொன்னது அது இல்ல!" கிரகரி தன் நெஞ்சில் அடித்துக் காட்டினார். கொட்டகைப் பக்கம் கை நீட்டினார். எண்ணெய் வடிப்பதுபோல அபிநயம் செய்தார். கிராணி மறுபடி இரண்டு வார்த்தை சொன்னார். ஒகுடா சிரித்து, கிரகரியின் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

"என்ன சொன்னீங்க?"

"ஓட்டுநரை மன்னிக்கச் சொல்றான், எஞ்சினைத் திரும்பக் கட்டித் தர்றேங்கிறான்னு சொன்னேன். எஞ்சினுக்குச் சரி, மன்னிப்புக்கு முடியாதுன்னுட்டான்." சுப்பிரமணியத்தின் உதடு வெளுத்திருந்தது. "பேக்டரி எஞ்சினுக்கு உன்னை விட்டா ஆள் இல்ல. அது நின்னா நானூறு பேரையும் சயாமுக்கு ஏத்திடுவான். நான் என்ன செய்ய?"

கிரகரி சொன்னதை நசுருதீனும் கேட்டிருந்தார். சிப்பாய்கள் இழுத்துக்கொண்டு போகும்போது அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்ணே, இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

கிரகரி அவர் பின்னால் ஓடினார். பட்டாள லோரி புறப்பட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து ரிங்லெட்டுக்கு நடந்துபோய் சஃபியாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீங்க சொன்னது அவனுக்குப் புரிஞ்சிருந்தா, இவரை விட்டிருப்பானா?"

"தெரியலம்மா. ரெண்டு பேரையும்கூட அனுப்பியிருப்பான்."

"தெரியலன்னா எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"



சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். காஞ்சனபுரிப் பக்கம் நசுருதீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றான் ஒருவன். காலராவில் போய்விட்டார் என்றான் இன்னொருவன். இருவரும் சத்தியம் செய்தார்கள். கிரகரி இரண்டையும் சஃபியாவிடம் சொல்லப் போனார். கடையில் முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அவருக்கு ஒரு தேநீர் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

மறுவருஷம் அவள் தெலுக் ஆன்சனில் இருந்த அண்ணன் வீட்டுக்குக் குடிபோனாள். சாமான் ஏற்றிவிடக்கூட கிரகரியை யாரும் கூப்பிடவில்லை. அவர் டவுனுக்கு வந்தது மூன்று நாள் கழித்து. கடை வாசலில் புது ஆள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தான். ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னான். கிரகரி பிடித்துக்கொண்டார்.